சைலஸ் சோலின் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் அடிமைமுறையை எதிர்த்த குடும்பத்தில் வளர்ந்து, கேன்சஸில் குடியேறி, கொலராடோவில் குதிரைப்படை கேப்டனாக இருந்த சைலஸ் ஸ்டில்மேன் சோலின் கடிதங்கள் பற்றிய பக்கம் இது. அவற்றில் என்ன இருக்கிறது, எதுவரை நம்பலாம், அந்தக் காலத்துக் கையெழுத்துக் கடிதம் ஒன்றைப் படிக்கவும் காக்கவும் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் இங்கே விடை உண்டு.

யார் இந்த சைலஸ் சோல்?

1838 ஜூலை 26 அன்று மெய்ன் மாநிலத்தின் பாத் நகரில் பிறந்தவர். அப்பா அமாசா, அம்மா சோஃபியா. அண்ணனுக்கு அவர்கள் வைத்த பெயர் வில்லியம் லாயிட் கேரிசன் சோல். அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான கேரிசனின் பெயரையே மகனுக்குச் சூட்டிய வீடு என்றால், அங்கே என்ன பேசி வளர்ந்திருப்பார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

1854-இல் அப்பாவும் அண்ணனும் கேன்சஸுக்குப் போனார்கள். மறு ஆண்டு அம்மா, சகோதரிகளோடு சைலஸும் போய்ச் சேர்ந்தார். லாரன்ஸ் நகருக்குத் தெற்கே கோல் கிரீக் ஓரம் குடியேறினார்கள். தப்பி வந்த அடிமைகளுக்கு அந்த வீடு ஒரு தங்குமிடம். 1860-இல் தங்கம் தேடி கொலராடோ, 1861 டிசம்பரில் முதலாம் கொலராடோ படைப்பிரிவு, 1862 மார்ச்சில் நியூ மெக்சிகோவில் கிளோரியெட்டா கணவாய்ப் போர், 1864-இல் லயன் கோட்டையில் ‘டி’ கம்பெனியின் கேப்டன். 1865 ஏப்ரல் 23 அன்று டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 26.

கேன்சஸுக்குப் போனவர்கள் நிலத்துக்காகப் போனார்களா, கொள்கைக்காகவா?

இரண்டுக்கும்தான். 1854 மே 30 அன்று நிறைவேறிய கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம், அந்தப் பகுதியில் அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியிருப்பவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. உடனே அது ஆள் சேர்க்கும் போட்டியாகிவிட்டது. மிசூரியிலிருந்து அடிமைமுறை ஆதரவாளர்கள் எல்லை தாண்டி வந்து வாக்களித்தார்கள். வடகிழக்கிலிருந்து நியூ இங்கிலாந்து எமிக்ரன்ட் எய்ட் கம்பெனி எதிர்ப்பாளர்களைக் குழுக்குழுவாக அனுப்பியது. சோல் குடும்பம் அப்படி வந்ததுதான்.

பத்திரமான இடமாக அது இருக்கவில்லை. 1856 மே 21 அன்று லாரன்ஸ் சூறையாடப்பட்டது. 1863 ஆகஸ்ட் 21 அன்று அடிமைமுறை ஆதரவாளர்களான குவான்ட்ரில் கும்பல் அதே ஊரில் 150-க்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. வீட்டுக்குப் போகும் கடிதங்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படைமுகாமில் இருப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார், வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று இந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லவே முடியாது.

சிறையிலிருந்து ஒரு டாக்டரை மீட்ட கதை உண்மையா?

உண்மை. 1859 ஜனவரியில் டாக்டர் ஜான் டாய், 13 கறுப்பின மக்களை லாரன்ஸிலிருந்து வடக்கே அழைத்துப் போகும் வழியில் பிடிபட்டார். மிசூரியில் அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறை விதித்தார்கள். ஜூலை 23 அன்று ஜேம்ஸ் ஆபட் தலைமையில் பத்துப் பேர் செயின்ட் ஜோசப் சிறைக்குப் போனார்கள். பகலிலேயே சோல், டாயின் மனைவியிடமிருந்து சேதி கொண்டுவந்தவர்போல உள்ளே போய், இரவில் தயாராக இருக்கும்படி எழுதிய சீட்டை அவரிடம் சேர்த்துவிட்டார். இருட்டியதும் மற்றவர்கள் தங்களில் ஒருவரைக் குதிரைத் திருடன் என்று கட்டி இழுத்துவந்து, பூட்டி வையுங்கள் என்று கதவைத் திறக்க வைத்தார்கள்.

டாயோடு அந்தப் பத்துப் பேரும் லாரன்ஸில் எடுத்துக்கொண்ட படம் இன்றும் இருக்கிறது. டாயே 1860-இல் தன் அனுபவத்தை அச்சிட்டார், ஆபட் பல ஆண்டு கழித்துத் தனியாக எழுதினார். இரண்டும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

ஜான் பிரவுனின் ஆட்களையும் மீட்கப் போனாராமே?

போனார், ஆனால் அது நடக்கவில்லை. ஜான் பிரவுன் அடிமைமுறையை ஆயுதம் ஏந்தி எதிர்த்தவர். ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் இருந்த அரசு ஆயுதக் கிடங்கைத் தாக்கியதற்காக 1859 டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய ஆட்களான ஆரன் ஸ்டீவன்ஸ், ஆல்பர்ட் ஹேஸ்லெட் இருவரும் வர்ஜினியாவின் சார்லஸ்டவுன் சிறையில் இருந்தார்கள். 1860 தொடக்கத்தில் ஜேம்ஸ் மாண்ட்கோமரியின் குழுவோடு சோல் அங்கே போனார். குடிபோதையில் இருக்கும் ஐரிஷ் கூலியாள்போல நடித்து, ஓர் இரவு அதே சிறையில் அடைபட்டு, அவர்களோடு பேசினார். காவல் பலமாக இருக்கிறது, மீட்க வந்தால் இன்னும் பலர் சாவார்கள் என்று இருவரும் மறுத்துவிட்டார்கள். மார்ச் 16 அன்று அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தச் சம்பவம் பெரும்பாலும் கூட இருந்தவர்களின் பிந்தைய நினைவுகள் வழியாகத்தான் தெரியவந்தது. எனவே உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்டாமல் இருப்பதே முறை.

அவர் எழுதிய எந்தக் கடிதங்கள் கிடைக்கின்றன?

மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, அம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் எழுதியவை. டென்வர் பொது நூலகத்தின் மேற்குப் பகுதி வரலாற்றுப் பிரிவில் இவற்றைத் தேடலாம். இரண்டாவது, கவிஞர் வால்ட் விட்மனுக்கு 1862-இல் எழுதியவை. 1860-இல் பாஸ்டனில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. விட்மன் ஆவணத் தளத்தில் இந்தக் கடிதங்களைப் படிக்க முடியும். மூன்றாவது, லயன் கோட்டையில் முன்பு பொறுப்பில் இருந்த தன் நண்பர் மேஜர் எட்வர்ட் வின்கூப்புக்கு 1864 டிசம்பர் 14 அன்று எழுதியது. சாண்ட் கிரீக் படுகொலையைப் பற்றிய முதன்மைச் சான்றுகளில் இது ஒன்று.

முதல் இரண்டு வகையையும் படிக்காமல் மூன்றாவதற்குத் தாவாதீர்கள். மற்ற கடிதங்களில் கேலியும் கிண்டலுமாக இருக்கும் இளைஞரைத் தெரிந்துகொண்ட பிறகு படித்தால்தான், டிசம்பர் கடிதத்தின் குரல் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரியும்.

சாண்ட் கிரீக்கில் என்ன நடந்தது?

1864 செப்டம்பர் 28 அன்று டென்வரில் வெல்ட் முகாமில் செயென், அரபஹோ பழங்குடித் தலைவர்கள் ஆளுநர் ஜான் எவன்ஸையும் கர்னல் ஜான் சிவிங்டனையும் சந்தித்துச் சமாதானம் பேசினார்கள். அவர்களை அழைத்துவந்தவர் வின்கூப். சோலும் கூட வந்திருந்தார். அன்று எடுத்த புகைப்படத்தில் முன்வரிசையில் மண்டியிட்டிருக்கும் இருவர் வின்கூப்பும் சோலும்தான். அந்தப் பேச்சை நம்பி, செயென் தலைவர் பிளாக் கெட்டிலின் மக்கள் லயன் கோட்டையிலிருந்து சுமார் 40 மைல் தொலைவில் சாண்ட் கிரீக் ஓரம் தங்கினார்கள்.

நவம்பரில் வின்கூப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், அவருடைய இடத்துக்கு மேஜர் ஸ்காட் ஆந்தனி வந்தார். நவம்பர் 28 அன்று சிவிங்டன் படையோடு கோட்டைக்கு வந்து, யாரும் வெளியே போக முடியாதபடி காவல் போட்டார். மறுநாள் செவ்வாய்க்கிழமை விடியலில் ஏறத்தாழ 675 படைவீரர்கள், சுமார் 750 பேர் இருந்த அந்தக் குடியிருப்பைத் தாக்கினார்கள். நான்கு மலைப் பீரங்கிகளும் இருந்தன. பிளாக் கெட்டில் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்தார். 230-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். சோலும் லெப்டினன்ட் ஜோசப் கிராமரும் தங்கள் ஆட்களைச் சுட விடவில்லை.

டிசம்பர் 14 கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறார்?

தாக்குதலுக்கு முதல் நாள் மாலை கோட்டையில் அதிகாரிகளிடையே என்ன பேச்சு நடந்தது என்பதிலிருந்து தொடங்குகிறார். அங்கிருந்தவர்கள் என்ன உறுதிமொழி பெற்றவர்கள் என்பது தெரிந்திருந்தும் இதில் பங்கெடுப்பவன் கோழை என்று தான் வெளிப்படையாகச் சொன்னதை, கெட்ட வார்த்தையோடு அப்படியே பதிவு செய்கிறார். பிறகு களம். தன் கம்பெனி சுட மறுத்தது, ஓடையின் இரு கரையிலிருந்தும் வந்த குண்டுகளுக்கு நடுவில் அது நகர்ந்தது, பெண்களும் குழந்தைகளும் மண்டியிட்டு உயிர்ப்பிச்சை கேட்டது, அவர்களை அடித்துக் கொன்றது, உடல்களைச் சிதைத்தது என்று வரிசையாக வருகிறது. ஒயிட் ஆன்டிலோப் போன்ற தலைவர்களின் உடல்களுக்கு நேர்ந்ததைப் பெயர் சொல்லி எழுதுகிறார். கலப்புக் குடும்பத்து இளைஞன் ஜாக் ஸ்மித் பிடிபட்ட பிறகு, மறுநாள் கொல்லப்பட்டதும் அதில் இருக்கிறது.

கடைசியில் கோட்டைச் செய்திகள். ஆட்கள் எத்தனை பேர், யார் பொறுப்பில் இருக்கிறார்கள், இந்தக் குளிர்காலம் எப்படிப் போகும் என்ற கவலை. இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள். விடக்கூடாது. கடிதம் மாநாட்டு மேடைக்காக எழுதப்பட்டதல்ல, ஊரில் இல்லாத நண்பருக்கு நடந்ததைச் சொல்ல எழுதப்பட்டது என்பதற்கு அந்தச் சாதாரணச் செய்திகளே அத்தாட்சி. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 19 அன்று கிராமர் தனியாக எழுதிய கடிதமும் வின்கூப்புக்குப் போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அம்மாவுக்கு எழுதியதும் வின்கூப்புக்கு எழுதியதும் ஒரே செய்திதானா?

செய்தி ஒன்று, அளவு வேறு. டிசம்பர் 18 அன்று அம்மாவுக்கு எழுதும்போது, முந்நூறு பேர் கொல்லப்பட்ட படுகொலையின்போது தான் அங்கே இருந்ததையும், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்பதையும், தன் ஆட்களைச் சுட விடவில்லை என்பதையும் சில வரிகளில் முடித்துவிடுகிறார். வின்கூப்புக்கு எழுதியதில் உள்ள உடல் சிதைப்பு விவரங்களும் ஆட்களின் பெயர்களும் அதே அளவில் அம்மாவுக்கு எழுதியதில் இல்லை. அம்மாவுக்கு எழுதும் எந்த மகனும் அப்படித்தான் எழுதுவான். எனவே வீட்டுக் கடிதத்தில் ஒன்று இல்லை என்பதை வைத்து அது நடக்கவில்லை என்று முடிவு செய்யக்கூடாது. யாருக்கு எழுதினார் என்ற கேள்வியை, என்ன எழுதினார் என்ற கேள்விக்கு முன்னால் கேளுங்கள்.

நேரில் பார்த்தவர் எழுதியது என்பதால் எல்லாம் சரியாக இருக்குமா?

இருக்காது. வின்கூப்புக்கு எழுதிய கடிதத்தில் ஜார்ஜ் பென்ட் கொல்லப்பட்டார் என்று சோல் எழுதுகிறார். ஜார்ஜ் பென்ட் இடுப்பில் குண்டடி பட்டுத் தப்பியவர். 1918 வரை வாழ்ந்து, செயென் தரப்பு நினைவுகளை நூற்றுக்கணக்கான கடிதங்களாக எழுதிவைத்தவர். ஆனால் அதே கடிதத்தில் அவருடைய தம்பி சார்லியைத் தான் காப்பாற்றியதாகச் சோல் சொல்வது அவருடைய சொந்தச் செயல்.

இதிலிருந்து ஒரு வேலைமுறை கிடைக்கிறது. கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி போடுங்கள்: தான் செய்தது, தான் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது. முதல் இரண்டில் சோல் மிக நம்பகமானவர். மூன்றாவதில் அன்று கோட்டையில் உலவிய வதந்தியும் கலந்திருக்கும். ஒரு தவறு இருக்கிறது என்று முழுக் கடிதத்தையும் தள்ளுவதும், நல்லவர் எழுதினார் என்று முழுவதையும் ஏற்பதும் ஒரே அளவு மோசமான வாசிப்பு.

இறந்தவர்களின் எண்ணிக்கை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

சிவிங்டன் 500-க்கும் மேல் என்றார், எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதில் அவருக்குப் பெருமை இருந்தது. சோல் அம்மாவிடம் 300 என்றார். இன்று சாண்ட் கிரீக்கில் உள்ள தேசிய வரலாற்றுத் தலம் 230-க்கும் மேல் என்கிறது. ஓடையின் மேற்பகுதியில் மைல் கணக்கில் துரத்திக் கொன்ற நிகழ்வு அது. மணலில் குழி தோண்டி ஒளிந்தவர்கள் அங்கேயே இறந்தார்கள், காயத்தோடு தப்பிப் போய்ப் பிறகு இறந்தவர்களும் உண்டு. அரபஹோ தலைவர் லெஃப்ட் ஹேண்ட் அப்படிக் காயத்தால் இறந்தவர். களத்தில் நின்ற எவராலும் முழுமையாக எண்ணியிருக்க முடியாது. கடிதத்தில் வரும் எண்ணை அன்றைய மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தையும் விசாரணைச் சாட்சியத்தையும் எப்படி ஒப்பிடுவது?

கடிதம் கிடைத்ததும் வின்கூப் சும்மா இருக்கவில்லை. 1865 ஜனவரியில் லயன் கோட்டைக்குத் திரும்பி வாக்குமூலங்கள் வாங்கி, ஜனவரி 15 தேதியிட்ட அறிக்கை அனுப்பினார். பிப்ரவரியில் சாமுவேல் டாப்பன் தலைமையிலான இராணுவ விசாரணைக் குழு டென்வரில் கூடியது. முதல் சாட்சி சோல். எதிரே உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்தவர் சிவிங்டனேதான். அந்தப் பதிவு 1867-இல் செனட் ஆவணமாக அச்சானது.

சாட்சியம் கேள்வி-பதிலாக இருக்கும், கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். கடிதத்தில் கொந்தளிப்போடு சொன்னதைச் சாட்சியத்தில் ஒற்றை வரியில் சொல்லியிருப்பார். அதைப் பின்வாங்கல் என்று நினைக்க வேண்டாம். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் கடிதம், நடுவில் சாட்சியம், வலப்பக்கம் கிராமர் என்று நிகழ்வு வரிசைப்படி எழுதினால், எங்கே மூவரும் ஒத்துப்போகிறார்கள் என்பது அரைநாள் வேலையில் தெரிந்துவிடும்.

வின்கூப்புக்கு எழுதிய கடிதம் ஏன் 2000 வரை பேசப்படவில்லை?

சோல், கிராமர் கடிதங்கள் 2000-இல் கொலராடோவின் எவர்கிரீனில் ஒரு வீட்டுப் பரண் பெட்டியிலிருந்து வெளிவந்தன. அந்த நேரத்தில்தான் சாண்ட் கிரீக்கைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் மசோதா அமெரிக்க காங்கிரஸில் இருந்தது. செப்டம்பரில் அங்கே நடந்த விசாரணையில் இவை படிக்கப்பட்டன. நவம்பர் 7 அன்று சட்டமானது, 2007 ஏப்ரலில் தலம் திறக்கப்பட்டது. 136 ஆண்டு கழித்தும் ஒரு கடிதம் வேலை செய்தது.

இந்தக் காலத்துக் கையெழுத்தை எப்படிப் படிப்பது?

முதலில் தாளின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரே தாளை நடுவில் மடித்து நான்கு பக்கம் ஆக்குவார்கள். வெளியே 1, 4. உள்ளே 2, 3. விரித்து ஸ்கேன் செய்த படத்தில் இடப்பக்கம் 4-ஆம் பக்கமும் வலப்பக்கம் 1-ஆம் பக்கமும் தெரியும். இடமிருந்து வலமாகப் படித்தால் கதை தலைகீழாகும். இடம் போதாவிட்டால் முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் தலைகீழாகவும், சில சமயம் எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காகவும் எழுதுவார்கள். பின்குறிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிறகு எழுத்துகள். ஒரே ஆள் நன்றாகத் தெரிந்த சொற்களை (மாதப் பெயர், ஊர்ப் பெயர், கையொப்பம்) எழுதியதிலிருந்து அவருடைய எழுத்து மாதிரிகளைத் தனித்தாளில் சேகரியுங்கள். வழக்கமாகக் குழப்புபவை: பெரிய ‘எஸ்’ஸும் ‘எல்’லும், பெரிய ‘ஐ’யும் ‘ஜே’யும், சிறிய ‘என்’னும் ‘யு’வும். இரட்டை ‘எஸ்’ வரும் இடத்தில் முதலாவதை நீளமாக, ‘எஃப்’ போல எழுதும் பழைய வழக்கம் அப்போதும் பலரிடம் இருந்தது. எண்களில் 1-7, 3-5-8.

வரிக்கு வரி பெயர்த்தெழுதுங்கள், மூலத்தில் வரி முடியும் இடத்தில் நீங்களும் முடியுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். புரியாத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஊகமாகவும் கேள்விக்குறியோடும் போடுங்கள். ஊகமும் இல்லையென்றால் வெற்று அடைப்புக்குறி போதும். முதல் சுற்றில் சிக்கிய இடங்களில் நிற்காமல் கடைசிவரை போய்விட்டு, மறுநாள் திரும்பி வாருங்கள். பாதிக்கு மேல் தானாக அவிழும். தமிழில் மொழிபெயர்ப்பதாக இருந்தாலும் இந்தப் பெயர்ப்பை முடிக்காமல் தொடங்க வேண்டாம்.

தேதி இல்லாத, அல்லது சந்தேகமான கடிதத்துக்குத் தேதி காண்பது எப்படி?

கிழமை குறிப்பிட்டிருந்தால் நூற்றாண்டு நாட்காட்டியில் பொருத்திப் பாருங்கள். நவம்பர் 29 செவ்வாய் என்றால் 1864 பொருந்தும், 1865 பொருந்தாது. ஜனவரிக் கடிதங்களில் பழைய ஆண்டையே பழக்கத்தில் எழுதிவிடுவது மிகச் சாதாரணம். எனவே ஜனவரி என்று கண்டால் உள்ளே வரும் நிகழ்வுகளோடு சரிபார்க்காமல் விடாதீர்கள். ‘இன்ஸ்ட்.’ என்ற சுருக்கம் இந்த மாதத்தையும், ‘அல்ட்.’ சென்ற மாதத்தையும் குறிக்கும். இவற்றை மாற்றிப் படித்தால் ஒரு மாதம் தவறும். அஞ்சல் முத்திரையைப் பெரிதாக நம்ப வேண்டாம், அந்தக் காலத்து முத்திரைகள் பலவற்றில் நாளும் மாதமும் மட்டும் இருக்கும், ஆண்டு இருக்காது.

எழுதியவரின் பதவி இன்னொரு கைப்பிடி. படைவீரர் பதிவுகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எந்தத் தேதியில் எந்தப் பதவியில், எந்த முகாமில் இருந்தார் என்பதை ஆள்வருகைப் பட்டியல்கள் காட்டும்.

உறையும் தபால்தலையும் ஏதாவது சொல்லுமா?

சொல்லும். 1863 ஜூலை 1 முதல் அரை அவுன்ஸ் வரை தூரம் பார்க்காமல் 3 சென்ட். அதற்கு முன் மிகத் தொலைவு போகும் கடிதங்களுக்கு 10 சென்ட். 1861 ஜூலையில் வந்த சட்டம், படைவீரர்கள் கட்டணம் செலுத்தாமலே கடிதம் அனுப்பலாம், பெறுபவர் செலுத்தினால் போதும் என்றது. அதற்கு உறையில் ‘சோல்ஜர்ஸ் லெட்டர்’ என்று எழுதி மேலதிகாரி கையொப்பமிட வேண்டும். இந்தச் சலுகை சாதாரண வீரர்களுக்குத்தான். கேப்டன் எழுதியதாகச் சொல்லும் ஓர் உறையில் இந்தக் குறிப்பு இருந்தால், உறையும் கடிதமும் ஒன்றுக்கொன்று சேர்ந்தவைதானா என்று சந்தேகப்படுங்கள்.

மை ஏன் பழுப்பாக இருக்கிறது? மங்கியதைப் படிக்க முடியுமா?

அந்தக் காலத்துப் பொது மை, ஓக் மரத்தில் உண்டாகும் மாசிக்காய் என்ற முடிச்சுகளிலிருந்து எடுத்த டானினையும் இரும்பு சல்பேட்டையும் கோந்தையும் நீரில் சேர்த்துச் செய்தது. எழுதும்போது வெளிறி, காற்றுப் பட்டுக் கறுத்து, பல ஆண்டுகளில் பழுப்பாகும். அதிலுள்ள அமிலமும் இரும்பும் தாளை அரிக்கும், அழுத்தி எழுதிய இடத்தில் ஓட்டையே விழும்.

மங்கிய எழுத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் பாருங்கள். தாள் ஒளிரும், மை கறுப்பாக நிற்கும். அகச்சிவப்புப் படத்தில் நேர்மாறு, இந்த மை மறைந்துவிடும். புற ஊதா ஒளி தாளுக்குக் கேடு, ஒரு பக்கத்துக்கு ஓரிரு நிமிடத்துக்கு மேல் காட்ட வேண்டாம். மையின் மேல் எந்த ரசாயனமும் தடவாதீர்கள். அப்படித் தடவப்பட்ட பழைய ஆவணங்கள் கறைபட்டு நிரந்தரமாகக் கெட்டுப்போயின.

படமெடுப்பதும் பாதுகாப்பதும்?

தட்டையான ஸ்கேனர் என்றால் குறைந்தது 400 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 படப்புள்ளி), வண்ணம், சுருக்காத டிஃப் (TIFF) கோப்பு. ஓரமும் பின்பக்கமும் வெற்றுப் பக்கமும் விடாமல் எடுங்கள். காகித நிறுவனத்தின் அழுத்த முத்திரை மேல் மூலையில் இருக்கலாம், பக்கவாட்டிலிருந்து சாய்த்து ஒளி பாய்ச்சினால் அது தெரியும். மடிப்பில் இற்றுப்போன தாளை ஸ்கேனர் மூடியால் அழுத்தாதீர்கள், மேலிருந்து கேமராவில் எடுங்கள்.

சேமிப்பதற்கு அமிலமற்ற உறை, 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம், இருட்டு. ஈரம் கூடினால் மையிலுள்ள இரும்பு தாளுக்குள் நகர்ந்து அரிப்பு வேகமாகும். அதனால்தான் கடிதத்தைக் கழுவுவதோ, நீராவி காட்டி மடிப்பை நிமிர்த்துவதோ வீட்டில் செய்யும் வேலை அல்ல. பாலியெஸ்டர் உறை நல்லதுதான், ஆனால் பென்சிலில் எழுதியதற்கும் மை உதிரும் தாளுக்கும் வேண்டாம், நிலைமின்சாரம் துகளை இழுத்துவிடும். செல்லோ டேப், லேமினேஷன் இரண்டும் அறவே கூடாது. துணிக் கையுறையைவிடக் கழுவித் துடைத்த வெறுங்கை மேல், கையுறையில் உணர்வில்லாமல் ஓரம் கிழியும்.

சோல் நினைவுக்குறிப்பு எழுதினாரா?

இல்லை. 26 வயதில் இறந்தவர். நமக்குக் கிடைக்கும் நினைவுகள் மற்றவர்களுடையவை: வின்கூப் 1876-இல் எழுதி முடிக்காமல் விட்ட தன்வரலாறு, கேன்சஸ் தோழர்களின் பதிவுகள். இவை பத்து, இருபது, முப்பது ஆண்டு கழித்து எழுதியவை. இடைப்பட்ட காலத்தில் ஜான் பிரவுனுடன் தொடர்பு இருந்தது என்பது வெட்கத்திலிருந்து பெருமையாக மாறிவிட்டது. அந்த மாற்றம் எழுத்தில் படியும். தேதியும் வரிசையும் மாறும்போது கடிதத்தின் பக்கம் நில்லுங்கள். ஆளின் குணம், குரல், நகைச்சுவை ஆகியவற்றுக்கு நினைவுக்குறிப்புகள் வளமானவை.

அவரைக் கொன்றது யார்? சாட்சி சொன்னதற்காகவா?

1865 ஏப்ரல் 1 அன்று ஹெர்சா கோபர்லியை மணந்தார். அப்போது டென்வரில் இராணுவக் காவல் பொறுப்பில் இருந்தார். ஏப்ரல் 23 ஞாயிறு இரவு, துப்பாக்கிச் சத்தம் கேட்டு லாரன்ஸ் தெருவுக்குப் போனவரை, இரண்டாம் கொலராடோ படைப்பிரிவைச் சேர்ந்த சார்லஸ் ஸ்குயர் சுட்டார். ஸ்குயருக்குக் கையில் குண்டு பட்டது. அவரை நியூ மெக்சிகோவிலிருந்து பிடித்துவந்த லெப்டினன்ட் ஜேம்ஸ் கேனன், ஜூலையில் டென்வர் விடுதி அறையில் இறந்துகிடந்தார். பிறகு ஸ்குயர் காவலிலிருந்து தப்பிவிட்டார்.

தன்னைக் கொல்வார்கள் என்று சோல் எதிர்பார்த்ததாக ஓர் அதிகாரி விசாரணைக் குழுவிடமே சொன்னார். ஆனால் யார் ஏவினார்கள் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. சிவிங்டன் ஏற்பாடு செய்தார் என்று உறுதியாக எழுதும் கட்டுரைகளைக் கண்டால், சான்று எது என்று கேளுங்கள். சிவிங்டன் அதற்குள் படையை விட்டு விலகியிருந்ததால், படுகொலைக்காகவும் இராணுவ நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

அவரைக் குறையற்ற வீரராகக் காட்டலாமா?

கடிதங்களே அதற்கு இடம் கொடுக்காது. பழங்குடி மக்களைப் பற்றி அவர் பயன்படுத்தும் சில சொற்கள் அன்றைய எல்லைப்புறத்து வெள்ளையரின் சொற்கள்தாம். அவர் குடியேறிய நிலமும் தங்கம் தேடிய மலையும் மற்றவர்கள் வாழ்ந்த மண். 1862-இல் சிவிங்டனின் கீழ் மகிழ்ச்சியோடு போரிட்டவரும் அவரே. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நவம்பர் 29 அன்று அவர் எடுத்த முடிவின் கனம் தெரிகிறது. மறுத்தது அந்நியரின் கட்டளையை அல்ல, தன் படைத் தலைவரின் கட்டளையை. துப்பாக்கி ஏந்திய நூற்றுக்கணக்கானோர் கோபத்தோடு சுற்றி நின்றபோது மறுத்தார், பிறகு பெயர் போட்டு எழுதினார், பிறகு சத்தியம் செய்து சொன்னார்.

செயென், அரபஹோ மக்கள் அவரை எப்படி நினைக்கிறார்கள்?

1999 முதல் ஆண்டுதோறும் சாண்ட் கிரீக்கிலிருந்து டென்வருக்கு ஆன்மிகக் குணமாக்கல் ஓட்டம் நடத்துகிறார்கள். ரிவர்சைட் கல்லறைத் தோட்டத்தில் உள்ள சோலின் கல்லறையில் நின்று மரியாதை செலுத்துவது அதில் ஒரு பகுதி. அவர் சுடப்பட்ட இடத்தருகே 15-ஆவது தெருவும் அரபஹோ தெருவும் சேரும் முனையில் 2010-இல் நினைவுப் பலகை வைத்தார்கள். ஆளுநர் எவன்ஸின் பெயர் தாங்கிய மலைக்கு மாற்றுப் பெயர் தேடியபோது மவுண்ட் சோல் என்ற பெயரும் முன்வைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் சூட்டப்பட்டது மவுண்ட் புளூ ஸ்கை.

மனைவி என்ன ஆனார்?

ஹெர்சா பின்னர் ஆல்ஃபிரட் லீயை மணந்தார். அவர்களுடைய மகன் ஹோமர் லீ, 1876-இல் டென்வரில் பிறந்து, சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னுக்கு இராணுவ ஆலோசகராக இருந்தவர்.

இந்தக் கடிதங்களை மொழிபெயர்த்து வெளியிட அனுமதி வேண்டுமா?

எழுத்துக்குப் பொதுவாக வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி அச்சாகாத கடிதத்தின் உரிமை எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரைதான், சோல் இறந்தது 1865-இல். எனினும் 1978-க்கும் 2002-க்கும் இடையில் முதன்முதலாக வெளியான எழுத்துக்கு 2047 வரை உரிமை நீடிக்கலாம், 2000-இல் வெளிவந்த வின்கூப் கடிதத்துக்கு இதைச் சரிபாருங்கள். ஆனால் நூலகம் எடுத்த உயர்தரப் படத்தை அச்சிட அந்த நிறுவனம் தனி நிபந்தனை வைத்திருக்கலாம், படத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பிறர் தற்காலத்தில் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்புகளுக்கு உரிமை அவர்களுடையது. மொழிபெயர்ப்பில் கடிதத் தேதி, பெறுபவர் பெயர், வைத்திருக்கும் நிறுவனம், கோப்பு எண் நான்கையும் ஒவ்வொரு கடிதத்தின் மேலேயும் போடுங்கள். நீங்கள் எதையாவது சுருக்கியிருந்தால் அந்த இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள்.